தேதியைப் பார்த்து உயரத்தைத் தேர்ந்தெடுங்கள்: பீனிக்ஸ் பாலையிலிருந்து மலைக்காட்டுக்கு ஒரு வாரயிறுதிப் பயணம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பீனிக்ஸ் நகரில் அக்டோபர் பிறந்த பிறகும் பகல் வெயில் 100 பாரன்ஹீட்டைத் தொடுவது புதிதன்று. 2024ஆம் ஆண்டில் தொடர்ந்து 113 நாட்கள் பகல் உச்ச வெப்பம் 100 பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கவேயில்லை. மே மாதத்திலிருந்தே ஏசி அறைக்கும் ஏசி காருக்கும் இடையில் மட்டும் நடமாடிக்கொண்டிருப்பவர்களுக்கு, இதே மாநிலத்தில் வடக்கே 145 மைல் தொலைவில், இரண்டரை மணி நேரக் கார்ப் பயணத்தில், காலையில் புல்நுனியில் உறைபனி படியும் காடு இருக்கிறது என்பது பலமுறை கேட்ட செய்தியாக இருந்தாலும் ஒவ்வோர் ஆண்டும் நம்பச் சற்றுக் கடினமாகவே இருக்கும். பீனிக்ஸ் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 அடி உயரத்தில் உள்ளது. வடக்கே அந்தக் காட்டின் நடுவிலுள்ள ஃபிளாக்ஸ்டாஃப் 6,900 அடியில் உள்ளது. ஆயிரம் அடிக்கு மூன்றரை முதல் ஐந்து பாரன்ஹீட் பாகை வரை குளிர்ச்சி கூடுவதால், ஒரே நாளில் ஒரே நேரத்தில் இவ்விரு ஊர்களுக்கும் இடையே 25 பாகை வேறுபாடு இருப்பது வழக்கம்.

இலையுதிர்காலத்தில் இலைகள் நிறம் மாறுவதைக் காண இந்தப் பயணத்துக்குத் திட்டமிடுபவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு, இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு விடுமுறை கிடைத்த வாரத்தில் கிளம்புவது. நானும் அப்படித்தான் முதன்முறை அக்டோபர் கடைசி வாரத்தில், யாரோ அனுப்பிய பொன்னிறப் படத்தை நம்பி, ஃபிளாக்ஸ்டாஃபுக்கு அருகிலுள்ள ஸ்னோபோல் மலைச்சாலையில் ஏறினேன். அங்கே ஓர் இலைகூட மரத்தில் இல்லை. வெள்ளைத் தண்டுகள் மட்டும் வரிசையாக நின்றன. மனம் தாளாமல் அன்றே நான்காயிரம் அடி கீழே ஓக் க்ரீக் பள்ளத்தாக்குக்கு இறங்கியபோது, அங்கே மேப்பிள் மரங்கள் அப்போதுதான் சிவந்து உச்சத்தில் இருந்தன. நிறம் மலையுச்சியில் தொடங்கி ஆறேழு வாரங்களில் அடிவாரத்துக்கு இறங்கி வருகிறது. ஆகவே முதலில் தேதியைப் பார்க்க வேண்டும். எந்த உயரத்துக்குப் போவது என்பதை அந்தத் தேதியே சொல்லிவிடும்.

எந்த வாரம், எந்த உயரம்

செப்டம்பர் கடைசி வாரத்திலும் அக்டோபர் முதல் வாரத்திலும் போவதாக இருந்தால் 9,000 அடிக்கு மேலே செல்ல வேண்டும். ஃபிளாக்ஸ்டாஃபுக்கு வடக்கே நிற்கும் சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள்தாம் அதற்குரிய இடம். அவற்றுள் 12,633 அடி உயரமுள்ள ஹம்ப்ரீஸ் சிகரமே அரிசோனாவில் மிக உயர்ந்தது. அக்டோபர் முதல் இரண்டு வாரங்களில் 8,000 முதல் 8,600 அடி வரையுள்ள லாக்கெட் மெடோ, ஹார்ட் ப்ரெய்ரி ஆகிய இடங்களின் ஆஸ்பென் மரங்கள் பொன்னிறமாகும். அக்டோபர் நடுவில் ஃபிளாக்ஸ்டாஃப் நகரத்தைச் சுற்றியும், கிழக்கே மொகொயோன் ரிம் எனப்படும் நீண்ட மலைவிளிம்பின் மேலும் நிறம் இறங்கியிருக்கும். அக்டோபர் கடைசி வாரமும் நவம்பர் முதல் வாரமும் ஓக் க்ரீக் பள்ளத்தாக்குக்கு உரியவை. அதையும் தவறவிட்டவர்கள் சோர்ந்துபோக வேண்டியதில்லை. நவம்பரில் வெர்டே ஆற்றங்கரைக் காட்டன்வுட் மரங்கள் மஞ்சளாகும்; நவம்பர் இறுதியில் பாலைவனத்துக்குள்ளேயே, சுப்பீரியர் ஊருக்கு அருகிலுள்ள பாய்ஸ் தாம்ப்சன் தாவரப் பூங்காவில் பிஸ்டாஷ் மரங்கள் சிவந்திருக்கும்.

இந்த நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு ஒரு வாரம் முன்பின்னாக நகரும். இரவு நீள்வதைக் கண்டுதான் மரம் இலையைக் கைவிடத் தொடங்குகிறது என்பதால் பெருங்கணக்கு மாறுவதில்லை. மழையும் குளிரும் அதை இங்கும் அங்கும் சற்றே நகர்த்துகின்றன. ஆனால் காற்று அப்படியன்று. உச்சத்தில் இருக்கும் ஒரு தோப்பை ஒரே இரவில் வீசும் பலத்த காற்று மொட்டையாக்கிவிடும். எனவே புறப்படுவதற்கு முந்தைய புதன்கிழமை வானிலை அறிக்கையில் வெப்பநிலையைப் பார்ப்பதைவிட, மலைமேல் காற்றின் வேகத்தைப் பார்ப்பது பயன் தரும். வெள்ளிக்கிழமை பெருங்காற்று என்று அறிவித்திருந்தால் ஆயிரம் அடி கீழேயுள்ள இடத்துக்குத் திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

மேலே போகும் சாலை

பீனிக்ஸிலிருந்து 17ஆம் எண் நெடுஞ்சாலை நேராக ஃபிளாக்ஸ்டாஃபுக்குச் செல்கிறது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் இந்தச் சாலையில் ஏறாதீர்கள். நகரமே வடக்கே கிளம்பியதுபோல இருக்கும். இரவு எட்டுக்குப் பிறகு கிளம்பலாம் என்று சிலர் சொல்வார்கள். என் விருப்பம் சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணி. இருட்டில் போனால் இந்தச் சாலையின் பாதிச் சுவை போய்விடும் என்பது ஒரு காரணம். இரவில் சாலையைக் கடக்கும் எல்க் மான்கள் மற்றொரு காரணம்.

விடிந்த பிறகு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தால், இந்த இரண்டரை மணி நேரத்தில் பல நாடுகளைக் கடப்பது போலிருக்கும். பிளாக் கேன்யன் சிட்டி வரை கைகளை உயர்த்தி நிற்கும் சகுவாரோ கள்ளிகள் கூடவே வரும். அங்கிருந்து சன்செட் பாயிண்ட் வரையிலான ஏற்றத்தில் அவை ஒரு வளைவுக்குப் பின் சட்டென்று காணாமல் போகும்; நீண்ட உறைபனியை அவற்றால் தாங்க முடியாது. பிறகு புல்வெளி, அதன் பிறகு வெர்டே பள்ளத்தாக்கின் செங்குத்தான இறக்கம், மீண்டும் ஓர் ஏற்றம். அதில் ஜூனிபர் புதர்கள் மரங்களாகி, மரங்கள் பைன் காடாகிவிடும். சி. ஹார்ட் மெரியம் என்ற இயற்கையியலாளர் 1889இல் இந்தச் சிகரங்களுக்கு வந்து ஆராய்ந்து, உயரம் ஏற ஏற உயிரினங்கள் அடுக்கடுக்காக மாறுவதை உயிர்மண்டலங்கள் என்ற கருத்தாக வகுத்தார். அவர் கோவேறு கழுதைகளோடு ஏறிய அடுக்குகளை நாம் கையில் காப்பியோடு கடக்கிறோம்.

காரைப் பற்றி இரண்டு சொற்கள். வெயில் காலத்தில் காற்றடித்த டயரோடு மேலே போனால், மறுநாள் காலை உறைநிலைக் குளிரில் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு எரியும். பத்துப் பாகை குளிர்ந்தால் டயரின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ குறைகிறது. பஞ்சர் என்று பதறாமல், எரிபொருள் நிலையத்தில் அளந்து பார்த்துக் காற்றடித்துக்கொண்டால் போதும். இறக்கங்களில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். இன்னொன்று, பின்னிருக்கையில் குழந்தைகள் இருந்தால் சிப்ஸ் பாக்கெட் ஒன்றைப் பிரிக்காமல் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். காற்றழுத்தம் குறையக் குறைய அது தலையணைபோல உப்பிக்கொண்டே வரும். எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறோம் என்பதைச் சொல்லும் அதைவிட மலிவான கருவி வேறில்லை.

சனிக்கிழமை: ஆஸ்பென்

ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து 180ஆம் எண் சாலையில் வடமேற்கே சென்றால் ஸ்னோபோல் சாலை வலப்புறம் பிரியும். கடைசிவரை தார் போட்ட, ஏறத்தாழ ஏழு மைல் நீளமுள்ள மலைப்பாதை. எந்தக் காரும் ஏறும். அதனாலேயே அக்டோபர் முதல் இரண்டு வாரயிறுதிகளில் காலை பத்து மணிக்கெல்லாம் அங்கே கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். எட்டு மணிக்குள் மேலே இருந்துவிட வேண்டும். ஆஸ்பென் நேச்சர் லூப் என்ற வட்டப்பாதை இரண்டு மைலுக்குச் சற்றுக் கூடக் குறைய இருக்கும். பாட்டியும் பேரனும் சேர்ந்து நடக்கலாம். நடக்க இயலாதவர்களுக்குக் கோண்டோலா என்ற கம்பிவடப் பெட்டி உண்டு, அது 11,500 அடிவரை கொண்டுசெல்லும். பனிச்சறுக்குக்காக அமைத்த அந்த இழுவை இலையுதிர்காலத்தில் எந்த நாட்களில் ஓடுகிறது என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஹம்ப்ரீஸ் சிகரத்துக்கு நடந்து ஏறும் ஆசையை இந்தப் பயணத்தில் அடக்கிக்கொள்வது நல்லது. போகவர ஏறத்தாழ பத்து மைல், 3,300 அடி ஏற்றம். அன்று காலைதான் 1,100 அடியிலிருந்து வந்த உடம்புக்கு அது அதிகம்.

இந்த மலை பதின்மூன்று பூர்வகுடி இனத்தாருக்குப் புனிதமானது. ஹோப்பி மக்கள் தங்கள் கச்சினா தெய்வங்களின் உறைவிடமாக இதைக் கருதுகிறார்கள். நவாஹோ மக்களுக்கு இது மேற்கு எல்லையைக் காக்கும் மலை. கோயில் மலையில் நடப்பதுபோல நடந்துகொண்டால் எந்தத் தவறும் நேராது. உச்சியை ஒட்டிய 11,400 அடிக்கு மேல், உலகில் வேறெங்கும் வளராத ஒரு சிறு மஞ்சள்பூச் செடியைக் காப்பதற்காக, பாதையைவிட்டு விலகி நடக்கத் தடை இருக்கிறது.

ஆஸ்பென் தோப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுபவர்கள் பலர். கீழே கிடக்கும் ஓர் இலையை எடுத்து, அதன் காம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையில் வைத்து உருட்டிப் பாருங்கள், உருளாது. மற்ற இலைகளின் காம்புபோல உருண்டையாக இல்லாமல் அது நாடாவைப்போலத் தட்டையாக, இலைப்பரப்புக்குக் குறுக்காக அமைந்திருக்கிறது. நம் முகத்தில் உணர முடியாத காற்றுக்கும் தோப்பு முழுவதும் சலசலப்பது இதனால்தான். தண்டைத் தொட்டால் விபூதிபோல வெண்பொடி கையில் ஒட்டும். அந்தப் பட்டையின் அடியில் பச்சையம் இருப்பதால் இலை உதிர்ந்த பிறகும் மரம் கொஞ்சம் உணவு தயாரித்துக்கொள்கிறது. அவ்வளவு உயிருள்ள பட்டையில் கத்தியால் பெயர் செதுக்கினால், அந்தக் காயத்தின் வழியே பூஞ்சை புகுந்து மரம் மெல்லச் சாகும். ஒரு தோப்பில் உள்ள நூற்றுக்கணக்கான தண்டுகள் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஒரு தோப்பு மஞ்சளாகி நிற்க, பக்கத்துத் தோப்பு இன்னும் பச்சையாக இருப்பதைக் கண்டால், அவை வெவ்வேறு வேர்க்குடும்பங்கள் என்று கொள்ளலாம்.

லாக்கெட் மெடோ இதைவிட அழகு என்பது என் கருத்து. ஒரு பெரும் எரிமலையின் சரிந்த வயிற்றுக்குள் அமர்ந்திருக்கும் புல்வெளி அது. ஆனால் அதற்கு ஏறும் மண்சாலை ஒடுங்கியது, ஒரு பக்கம் தடுப்பில்லாத சரிவு. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் நகர வேண்டியிருக்கும். அங்குள்ள பதினேழு கூடாரத் திடல்களுக்கு முன்பதிவு கிடையாது, முதலில் வருபவர்க்கே இடம். 2022 ஜூன் மாதத்துப் பைப்லைன் காட்டுத்தீ இந்த மலையில் 26,000 ஏக்கருக்கு மேல் எரித்த பின், மழைவெள்ளம் சாலைகளை அரித்துவிட்டதால் இப்பகுதி நெடுநாள் மூடப்பட்டது. சாலை திறந்திருக்கிறதா என்பதைக் கோகொனினோ தேசியக் காட்டின் இணையதளத்தில் பார்க்காமல் கிளம்பாதீர்கள். மண்சாலையில் பழக்கமில்லாதவர்களுக்கு ஹார்ட் ப்ரெய்ரி சாலை போதும். அதுவும் மண்சாலைதான், ஆனால் அகலமானது, காய்ந்த நாளில் சாதாரணக் கார் போகும்.

பிற்பகலில் காட்டுக்குள் சும்மா இருக்க நேரம் ஒதுக்குங்கள். ஃபிளாக்ஸ்டாஃபைச் சூழ்ந்திருப்பது உலகிலேயே மிக நீண்டு தொடர்ச்சியாக அமைந்த பாண்டரோசா பைன் காட்டின் ஒரு பகுதி. வெயில் படும் பக்கத்தில், ஆரஞ்சு நிறமேறிய முதிர்ந்த மரமாகப் பார்த்து, பட்டையின் வெடிப்பில் மூக்கை வைத்து முகர்ந்தால் வெனிலா வாசம் வரும். ஏதோ கட்டுக்கதை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

குளிரும் சமையலும்

அக்டோபர் இரவுகளில் ஃபிளாக்ஸ்டாஃபின் சராசரிக் குறைந்த வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே இருக்கிறது. மலைமேல் அதற்கும் கீழே. பகலில் 60 பாகையில் சட்டையோடு திரிந்தவர் சூரியன் மறைந்த அரைமணி நேரத்தில் நடுங்குவார். தடித்த ஒரே கோட்டைவிட, கழற்றிப் போட்டுக்கொள்ள வசதியான மூன்று மெல்லிய உடுப்புகள் மேல். கூடாரத்தில் தூங்குபவர்கள், 20 பாரன்ஹீட் பாகை வரை தாங்கும் என்று குறிக்கப்பட்ட ஸ்லீப்பிங் பேக்கையும், அதைவிட முக்கியமாக அடியில் விரிக்கும் கனத்த பாயையும் எடுத்துச் செல்ல வேண்டும். போர்வையை அடுக்கடுக்காகக் கொண்டுபோய்விட்டு, தரையின் குளிர் முதுகின் வழியே ஏறுவதை மறந்து, விடியும்வரை காரில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருந்த குடும்பத்தை நான் அறிவேன். என் குடும்பம்தான் அது.

கூடாரம் வேண்டாம் என்பவர்கள் ஆகஸ்டிலேயே அறை பதிவு செய்துவிடுவது நல்லது. கிராண்ட் கேன்யன் செல்லும் பயணிகளும், பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரும் இதே வாரங்களில்தான் வருவார்கள். அறை வாடகை இரட்டிப்பாகும். நகரத்தில் கிடைக்காவிட்டால் மேற்கே வில்லியம்ஸ் ஊரிலோ கீழே கேம்ப் வெர்டேயிலோ தேடலாம்.

உணவு விஷயத்தில் நம் வீட்டுப் பழக்கம் கைகொடுக்கும். ஏழாயிரம் அடியில் தண்ணீர் ஏறத்தாழ 93 செல்சியஸிலேயே கொதித்துவிடும். லாக்கெட் மெடோ உயரத்தில் 91. ஆகவே திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு கடுக்கென்றே இருக்கும், சோறும் விறைப்பாக இருக்கும். சிறிய குக்கர் ஒன்றை எடுத்துச் சென்றால் இந்தச் சிக்கலே இல்லை. பீனிக்ஸில் வைப்பதைவிட ஒரு விசில் கூடுதலாக விடுங்கள். தோசைமாவை அங்கே புளிக்க வைக்க நினைக்காதீர்கள், அந்தக் குளிரில் அது அசையாது. சனிக்கிழமைக்குப் புளியோதரையும் இட்லிப்பொடி தடவிய இட்லியும் வீட்டிலிருந்தே கொண்டுபோவது உத்தமம். உணவுப் பெட்டியை இரவில் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். கருங்கரடிகள் வாழும் காடு இது. தண்ணீர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன் வேண்டும். உயரத்தின் வறண்ட காற்றில் தலைவலியும் மூக்கில் இரத்தக்கசிவும் வருவது பெரும்பாலும் தண்ணீர் குடிக்க மறந்தவர்களுக்குத்தான்.

தீ மூட்டலாமா என்பதை அந்தந்த வாரத் தீத்தடை அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மூட்டினால், அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலில் புறங்கையை வைத்துச் சூடில்லை என்று உறுதிசெய்த பின்னரே அந்த இடத்தைவிட்டு நகர வேண்டும்.

அந்தி நேரத்தில் புல்வெளி ஓரங்களில் அமைதியாக நின்றால், செப்டம்பரிலும் அக்டோபர் தொடக்கத்திலும் எல்க் கடாக்கள் இணைதேடிக் கூவுவதைக் கேட்கலாம். அத்தனை பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு மெல்லிய ஊதல் ஒலி வருவது வியப்பு. காரை விட்டு இறங்கி நெருங்காதீர்கள். இருட்டிய பின் காட்டுச்சாலையில் மெதுவாக ஓட்டுங்கள். காரின் முன்பகுதி எல்க்கின் காலில் மோதினால் உடல் நேராகக் கண்ணாடியின் மேல்தான் வந்து விழும். இது வேட்டைக்காலமும்கூட என்பதால், பாதைகளில் நடப்பவர்கள் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஏதேனும் அணிந்துகொள்வது பாதுகாப்பு. இரவில் படுக்கப்போகும் முன் ஒருமுறை தலையை நிமிர்த்துங்கள். ஃபிளாக்ஸ்டாஃப் 2001இல் உலகின் முதல் இருள்வான நகரமாக அறிவிக்கப்பட்டது. பால்வீதி அங்கே வெறுங்கண்ணுக்குத் தெரியும்.

ஞாயிறு: பள்ளத்தாக்கு வழியாக

திரும்பும் வழியாக 17ஆம் எண் சாலையை எடுக்காமல் 89ஏ சாலையில் தெற்கே இறங்குங்கள். ஓக் க்ரீக் விஸ்டா என்ற காட்சிமுனையில் சற்று நின்று கீழே பார்த்துவிட்டு, கொண்டையூசி வளைவுகளில் இறங்கினால் வெஸ்ட் ஃபோர்க் ஓடைப்பாதை வரும். அக்டோபர் பின்பாதியில் வருபவர்களுக்கு முழுப் பயணத்தின் நோக்கமும் இதுதான். அக்டோபர் தொடக்கத்தில் வருபவர்கள் இதைப் பச்சையாகவே காண்பார்கள், அவர்கள் நேரே கடந்து போகலாம்.

இங்கே சிவப்பது பிக்டூத் மேப்பிள். ஆஸ்பெனின் மஞ்சள் கோடையிலும் இலைக்குள் இருந்து, பச்சையம் விலகியதும் வெளியே தெரிவது. மேப்பிளின் சிவப்போ இலையில் தங்கிவிட்ட சர்க்கரையைக் கொண்டு மரம் புதிதாக உண்டாக்குவது. வெயிலான பகலும், உறையாத ஆனால் குளிர்ந்த இரவும் தொடர்ந்து வந்த ஆண்டுகளில் நிறம் ஆழமாக இருப்பது இதனால்தான். பாதை ஒருவழி 3.3 மைல், ஓடையைப் பதின்மூன்று முறை கடக்க வேண்டும். கல்லில் கால்வைத்துத் தாண்டலாம் என்றாலும் யாராவது ஒருவர் நனைவது உறுதி. மாற்றுக் காலுறையும் ஓர் ஊன்றுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை போக வேண்டியதில்லை. செம்பாறைச் சுவர்களுக்கிடையில் மூன்றாவது நான்காவது கடவையைத் தாண்டியதுமே மரங்கள் நெருங்கி நிற்கும்.

சிக்கல் நிறுத்துமிடத்தில்தான். இடம் சிறியது, தனிக் கட்டணம் உண்டு, தேசியப் பூங்கா ஆண்டு அட்டையும், இப்பகுதி நிறுத்துமிடங்களுக்கான ரெட் ராக் பாஸும் இங்கே செல்லாது. உச்ச வாரங்களில் திறக்கும் முன்பே வாயிலில் கார்கள் வரிசையில் நிற்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தினால் அபராதம். அரை மணி நேரம் முன்னதாகப் போய் வரிசையில் நின்று, காரிலேயே இட்லியைச் சாப்பிடுவதுதான் நான் கண்ட வழி.

இந்தக் கூட்டமே வேண்டாம் என்பவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. பீனிக்ஸிலிருந்து 87ஆம் எண் சாலையில் பேசன் சென்று, 260இல் கிழக்கே ஏறினால் மொகொயோன் ரிம். 7,500 அடியில் வுட்ஸ் கேன்யன் ஏரியும், மலைவிளிம்பை ஒட்டியே செல்லும் ரிம் சாலையும் உள்ளன. ஆஸ்பென் தோப்புகள் சிறியவை, ஆனால் ஆள் குறைவு. ஒரே நாளில் போய்வரவும் முடியும். அரிசோனாவின் தெற்கே டூசான் நகரில் இருப்பவர்கள் இவ்வளவு தூரம் வரவே வேண்டாம். 9,157 அடி உயரமுள்ள லெம்மன் மலை அவர்கள் வீட்டு வாசலில் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, பள்ளத்தாக்கின் அடியிலுள்ள செடோனா ஊரைப் பகல் ஒரு மணிக்குள் கடந்துவிடுங்கள். இரண்டு மணிக்கு மேல் 17ஆம் எண் சாலை தெற்கு நோக்கி அடைத்துக்கொள்ளும்; ஒரு விபத்து நடந்தால் மாற்றுவழி இல்லாத மலைச்சாலை அது. முந்தைய நாள் மேலே குடித்துவிட்டு இறுக மூடி வைத்த காலிப் பிளாஸ்டிக் பாட்டில் பிளாக் கேன்யன் சிட்டிக்கு இறங்கும்போது படக்கென்று நசுங்கும் சத்தம் பின்னிருக்கையிலிருந்து கேட்கும். அப்போது ஏசியைப் போட்டுக்கொள்ளலாம்.